மேலே முறுக்கு, கீழே கப்கேக்: பெங்களூர் வீட்டில் இனிப்பும் உப்பும் சேர்த்து பேக் செய்ய

இனிப்பு, காரம், காபி என்று மூன்றையும் ஒரே தட்டத்தில் வைத்துப் பழகியவர்கள் நாம். இனிப்பை ஒரு வாய், காரத்தை ஒரு வாய் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுவதில் இருக்கும் சுகம் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டையும் ஒரே கடியில் தருவதுதான் இந்தக் கப்கேக். மெத்தென்ற கேக், அதன் மேல் வெண்ணெய் ஐசிங், அதற்கும் மேலே மொறுமொறுவென்று ஓர் உப்புத் தின்பண்டம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது பையில் வந்த முறுக்கு டப்பா, பொங்கலுக்கு அத்தை கொடுத்தனுப்பிய சீடை, தெருமுனைக் கடையில் கண்ணெதிரே வறுத்துத் தரும் நேந்திரங்காய் சிப்ஸ் என்று எல்லாமே இதற்கு உதவும். இதுவரை கேக்கே செய்ததில்லை என்றாலும் பரவாயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்குங்கள், போதும்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பலர் கேக்கைச் செய்து முடித்துவிட்டு, மேலே என்ன தூவலாம் என்று அலமாரியைத் திறப்பார்கள். இந்த வகைக் கப்கேக்குக்கு அது சரிவராது. மேலே வைக்கப்போகும் தின்பண்டத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கேக்கின் சுவை, ஐசிங்கின் இனிப்பு, எப்போது அலங்கரிப்பது என்பதெல்லாம் அதைப் பொறுத்துத்தான் அமையும்.

எது எதோடு சேரும்

உப்பு மட்டும் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸும் சாக்லேட் கேக்கும் நல்ல ஜோடி. கோக்கோவின் கசப்பை உப்பு அடக்கிவிடுவதால் சாக்லேட்டின் இனிப்பு முன்னால் வருகிறது. புதிதாகச் செய்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். சிப்ஸ் பாக்கெட் வாங்கும்போது மசாலா, தக்காளி, வெங்காயம் என்று எந்த வாசனையும் சேர்க்காததாகப் பாருங்கள்.

வெண்ணெய் முறுக்கு வனிலா கேக்கோடு சேரும். அதிலேயே வெண்ணெய் இருப்பதால் பட்டர்கிரீமுக்கு, அதாவது வெண்ணெய் ஐசிங்குக்கு, அது அந்நியமாகத் தெரியாது. முறுக்கில் கொஞ்சம் எள் இருந்தால் இன்னும் நல்லது. மணப்பாறை முறுக்கு கையில் இருந்தால் அதுவும் ஆகும். இரண்டு முறை எண்ணெயில் பொரித்தெடுப்பதால் அது நன்றாக இறுகியிருக்கும், சீக்கிரம் நமத்துப்போகாது. ஆனால் மெத்தென்ற கேக்கின் மேல் அதை முழுசாக வைத்தால் கடிக்கச் சங்கடம். விரல்நகம் அளவுக்கு உடைத்துத் தூவுங்கள்.

என் மனதுக்கு மிகவும் பிடித்தது நேந்திரங்காய் சிப்ஸ். தேங்காயெண்ணெய் மணமும் உப்பும் கலந்த அந்தச் சிப்ஸுக்கு ஃபில்டர் காபி டிகாஷன் கலந்த பட்டர்கிரீம் அப்படியொரு பொருத்தம். எங்கும் எளிதில் கிடைக்கும், வட்ட வட்டமாக அழகாகவும் நிற்கும்.

வேர்க்கடலை வேண்டும் என்றால் இரண்டு வழி இருக்கிறது. கோவில்பட்டி கடலை மிட்டாயை உடைத்து, உப்புக் கடலையோடு கலந்து தூவுவது ஒன்று. இனிப்பும் உப்பும் மேல்தட்டிலேயே சேர்ந்துவிடும். இன்னொன்று பெங்களூருக்கே உரிய காங்கிரஸ் கடலை. தோல் நீக்கி இரண்டாகப் பிளந்த கடலையில் மிளகு, மஞ்சள், பெருங்காயம், கறிவேப்பிலை எல்லாம் போட்டிருப்பார்கள். வி.வி. புரத்தின் வி.பி. பேக்கரி இதற்குப் பெயர்பெற்றது. காந்தி பஜார், மல்லேசுவரம் பக்கத்துத் தின்பண்டக் கடைகளிலும் கிடைக்கும். இதை வெறும் வனிலா கேக்கின் மேல் போடாதீர்கள், பெருங்காயம் தனியாக நிற்கும். நாட்டுச் சர்க்கரையும் ஒரு சிட்டிகை மிளகுத்தூளும் போட்ட கேக்காக இருந்தால் அழகாக ஒட்டிக்கொள்ளும். கறிவேப்பிலையை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கன்னடக் கார்த்திக மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையையொட்டி பசவனகுடியில் நடக்கும் கடலைக்காய் பரிஷே என்ற வேர்க்கடலைத் திருவிழாவுக்குப் போனால், புதுக் கடலை வாங்கிவந்து வீட்டிலேயே உப்புக் கடலை செய்யலாம். காய்ந்த வேர்க்கடலைப் பருப்பு 200 கிராமில் ஒரு மேசைக்கரண்டி உப்புத் தண்ணீரைத் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் விட்டு, ஓவனில் 160 டிகிரியில் இருபது நிமிடம் வறுத்தால் போதும். நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

வேண்டாதவையும் உண்டு. பூண்டு முறுக்கு, காராசேவு, வெங்காய வாசனை உள்ள மிக்சர் இவை எதுவும் வெண்ணெயோடும் வனிலாவோடும் ஒத்துப்போகாது. ஓமப்பொடி பார்க்க அழகு, ஆனால் மெல்லிய இழை என்பதால் ஐசிங்கில் பட்டதுமே நமக்கத் தொடங்கிவிடும். தட்டில் வைத்துக் கையில் கொடுக்கும் நொடியில் தூவுவதாக இருந்தால் மட்டும் போடுங்கள். எந்தத் தின்பண்டமானாலும் முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை துளி இருந்தாலும் ஐசிங்கின் மேல் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

ஓவனும் சாமான்களும்

வீட்டுக்கு 20 முதல் 30 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின்சார ஓவன்) ஒன்று போதும். கன்வெக்‌ஷன் வசதியுள்ள, அதாவது உள்ளே விசிறி சூடான காற்றைச் சுழற்றும், மைக்ரோவேவ் இருந்தால் அதுவும் சரி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1500 வாட் ஓடிஜி கிட்டத்தட்ட 6.5 ஆம்பியர் இழுக்கும். செல்போன் சார்ஜர் செருகும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் அதைப் போடக்கூடாது. கிரைண்டருக்கோ ஃபிரிட்ஜுக்கோ வைத்திருக்கும் 16 ஆம்பியர் பெரிய சாக்கெட்டில்தான் போட வேண்டும்.

12 குழி மஃபின் டிரே, அதற்கேற்ற காகிதக் கப், ஒரு டிஜிட்டல் தராசு, கையால் அடிக்கும் விஸ்க் அல்லது மின்சார பீட்டர், சல்லடை. இவ்வளவுதான். தராசை மட்டும் தவிர்க்காதீர்கள். வீட்டுக்கு வீடு டம்ளர் அளவு வேறு. ஒரே டம்ளரில் மாவை அமுக்கி எடுத்தால் ஓர் எடை, தளர எடுத்தால் வேறு எடை. கேக்கில் அந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

பெங்களூர் உயரத்தில் இருக்கிறது

சென்னையில் நன்றாக வந்த கேக் இங்கே வந்ததும் நடுவில் பள்ளம் விழுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. கையில் குறை இருக்க வேண்டும் என்றில்லை, ஊரின் உயரமும் காரணமாக இருக்கலாம். பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு. அதனால் பேக்கிங் பவுடர் விடும் வாயு மாவை வேகமாகத் தூக்கிவிடுகிறது. மாவு வெந்து இறுகுவதற்குள் குமிழிகள் பெரிதாகி உடைந்து, மேடு பள்ளமாகிவிடுகிறது. டார்ஜிலிங் அளவுக்குப் பெரிய மாற்றம் தேவையில்லை. ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு எட்டில் ஒரு பங்கைக் குறைத்தால் போதும். ஊர்க் குறிப்பில் ஒன்றரை டீஸ்பூன் என்றிருந்தால் இங்கே ஏறக்குறைய ஒன்றேகால். கீழே கொடுத்திருக்கும் அளவு பெங்களூருக்கென்றே குறைத்தது.

மாவு கலப்பது

12 கப்கேக்குக்கு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், உப்பு கால் டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், பொடித்த சர்க்கரை 130 கிராம், முட்டை 2, பால் 90 மில்லி, வனிலா எசென்ஸ் ஒரு டீஸ்பூன். வீட்டில் உப்பு வெண்ணெய்தான் இருக்கிறது என்றால் தனியாக உப்புப் போட வேண்டாம்.

சாக்லேட் கேக் வேண்டுமானால் மைதாவில் 25 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் 25 கிராம் கோக்கோ பவுடர் போட்டு, பாலை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரை கேக்குக்கு, வெள்ளைச் சர்க்கரையின் அதே எடைக்கு நாட்டுச் சர்க்கரையைச் சலித்துப் போட்டால் ஆயிற்று.

முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணி நேரம் முன்பே வெளியே வந்திருக்க வேண்டும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூர்க் குளிருக்கு ஒரு மணி நேரம் போதாது. வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வையுங்கள். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் எண்ணெயாக உருகியிருக்கக் கூடாது. அதுதான் பதம்.

முதலில் ஓவனை 175 டிகிரி செல்சியஸில், மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து 15 நிமிடம் சூடாக்குங்கள். விசிறி ஓடும் கன்வெக்‌ஷன் என்றால் 160 போதும். டிரேயில் காகிதக் கப்களை அடுக்கிவிடுங்கள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு மூன்றையும் சேர்த்து இரண்டு முறை சலித்து வையுங்கள்.

அப்புறம் வெண்ணெயையும் சர்க்கரையையும் அடிக்க வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் அவசரமே கூடாது. பீட்டரில் நான்கு ஐந்து நிமிடம், கையால் என்றால் பத்து நிமிடம். மஞ்சள் நிறம் வெளுத்து, கலவை பொங்கி லேசாக வேண்டும். சர்க்கரையின் நுண்ணிய முனைகள் வெண்ணெய்க்குள் காற்றை அடைத்து வைக்கின்றன. ஓவனில் கேக் எழும்புவதற்கு அந்தக் காற்றுதான் அடித்தளம். பேக்கிங் பவுடர் அதைப் பெரிதாக்க மட்டுமே செய்கிறது.

முட்டையை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றி அடியுங்கள். கலவை திரிந்ததுபோல் தெரிந்தால், சலித்த மைதாவில் ஒரு கரண்டி போட்டால் சேர்ந்துகொள்ளும். வனிலாவைச் சேருங்கள். பிறகு மைதாவில் பாதி, பால் முழுவதும், மீதி மைதா என்ற வரிசையில் போட்டு, பீட்டரை ஒதுக்கிவிட்டுக் கரண்டியால் அடியிலிருந்து மேலாக மடித்துக் கலக்குங்கள். மாவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்ததும் நிறுத்திவிட வேண்டும். மேற்கொண்டு கலக்கினால் மைதாவில் உள்ள குளூட்டன் என்ற புரதம் இறுகி, கேக் ரொட்டி மாதிரி இழுவையாகிவிடும்.

ஒவ்வொரு கப்பிலும் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 45 முதல் 50 கிராம் மாவு. டிரேயை நடுத்தட்டில் வைத்து 18 முதல் 20 நிமிடம் விடுங்கள். முதல் 15 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது. நடுவில் ஒரு குச்சியைக் குத்தி எடுத்தால் ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும். லேசான துகள் ஒட்டலாம்.

வெளியே எடுத்து ஐந்து நிமிடத்தில் டிரேயிலிருந்து கம்பி வலைக்கு மாற்றிவிடுங்கள். சூட்டோடு டிரேயிலேயே விட்டால் நீராவி உள்ளேயே தங்கி, காகிதம் கேக்கை விட்டு உரிந்துவிடும். முழுசாக ஆற ஒரு மணி நேரமாவது ஆகும். கதகதப்பு இருக்கும்போது ஐசிங் போட்டால் வழிந்துவிடும்.

முட்டை சேர்க்காதவர்களுக்கு

தயிர்தான் இதற்குச் சிறந்த வழி. கட்டித் தயிர் 180 கிராமில் அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாகச் சமையல் சோடா கலந்து ஐந்து நிமிடம் வையுங்கள், நுரைத்து எழும்பும். 120 கிராம் பொடித்த சர்க்கரை, வாசனையில்லாத எண்ணெய் 90 மில்லி, வனிலா சேர்த்து அடித்து, 150 கிராம் மைதாவோடு ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடரையும் ஒரு சிட்டிகை உப்பையும் சலித்துப் போட்டு மெதுவாகக் கலந்தால் மாவு தயார். இந்த மாவைக் காக்கவைக்க வேண்டாம். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வாயு வந்துகொண்டே இருக்கும், தாமதித்தால் வீணாகிவிடும். உடனே ஓவனுக்குள் போக வேண்டும். புளித்த தயிரும் வேண்டாம்.

ஐசிங்

பல குறிப்புகளில் வெண்ணெய்க்கு இரண்டு மடங்கு ஐசிங் சர்க்கரை (மாவுபோல் நைசாகப் பொடித்த சர்க்கரை) என்று போட்டிருக்கும். நம் நாக்குக்கு அது திகட்டும். மேலே வரும் உப்பும் அந்த இனிப்பில் அமுங்கிவிடும். 150 கிராம் வெண்ணெய்க்கு 200 கிராம் ஐசிங் சர்க்கரை என்பதே என் அளவு. ஏப்ரல், மே வெயிலில் மட்டும் 250 கிராம் வரை போகலாம், அப்போதுதான் நிற்கும். வெண்ணெயைத் தனியாக ஐந்து நிமிடம் வெளுக்க அடித்து, சர்க்கரையைச் சலித்து மூன்று தடவையாகச் சேர்த்து அடித்து, கடைசியில் ஒரு மேசைக்கரண்டி பால் ஊற்றுங்கள். காபி ஐசிங்குக்குப் பாலுக்குப் பதில் ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாஷன், நன்றாக ஆறியது, ஒரு மேசைக்கரண்டி.

பாக்கெட்டில் கிடைக்கும் விப்பிங் கிரீமை இந்தக் கப்கேக்குக்கு நான் சொல்லமாட்டேன். அதில் தண்ணீர் அதிகம். தின்பண்டத்தை நமக்கவைப்பது அந்தத் தண்ணீர்தான். வெண்ணெய் ஐசிங்கில் கொழுப்பு மிகுதி, ஈரம் குறைவு. பெங்களூரின் மிதமான சூட்டில் அது உருகாமலும் நிற்கும்.

ஐசிங்கைப் பிதுக்கும் பைப்பிங் பையும் அதன் நுனியில் மாட்டும் நட்சத்திர நாசிலும் இருந்தால் சுருட்டிப் போடலாம். இல்லையென்றால் கரண்டியின் பின்புறத்தால் தடவி, நடுவில் சின்னப் பள்ளம் வையுங்கள். தின்பண்டம் உருண்டு விழாமல் உட்கார அந்தப் பள்ளமே வசதி.

மொறுமொறுப்பைக் காப்பது

இந்தக் கப்கேக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது. முறுக்கு, சிப்ஸ் எல்லாம் மொறுமொறுவென்று இருப்பது அவற்றில் ஈரமே இல்லாததால். ஈரம் உள்ள கேக்கின் மேல் அவற்றை வைத்தவுடன் கீழிருந்து ஈரம் மேலேறத் தொடங்குகிறது. அதைத் தடுக்க மூன்று வழிகள் இருக்கின்றன, மூன்றையும் சேர்த்தே செய்யலாம்.

முதலாவது, தின்பண்டத்தை வைக்கும் முன் மறுபடி வறட்டுவது. டப்பாவில் கிடந்த முறுக்கையோ சிப்ஸையோ 150 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து, வெளியே எடுத்து நன்றாக ஆறவிடுங்கள். ஆறிய பிறகுதான் மொறுமொறுப்பு திரும்பி வரும். மழைக்காலத்தில் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இரண்டாவது, சாக்லேட் போர்வை. டார்க் காம்பவுண்ட் சாக்லேட் (கோக்கோ வெண்ணெய்க்குப் பதில் தாவரக் கொழுப்பு சேர்த்த சாக்லேட்) 100 கிராமைப் பொடியாக நறுக்கி, மைக்ரோவேவில் 30 விநாடிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறி உருக்குங்கள். ஒரு துளி தண்ணீர் பட்டாலும் கட்டியாகிவிடும், அதனால் பாத்திரமும் கரண்டியும் ஈரமில்லாமல் இருக்கட்டும். சிப்ஸின் பாதியை அதில் தோய்த்து பட்டர் பேப்பரில் வைத்தால் அரை மணிக்குள் இறுகிவிடும். தோய்த்த பாதியை ஐசிங்குக்குள் செருகுங்கள். சாக்லேட்டில் உள்ள கொழுப்பைத் தாண்டி ஈரம் அவ்வளவு சீக்கிரம் போகாது. தோய்க்காத பாதி வெளியே நிற்கட்டும், உப்பு நாக்கில் நேராகப் பட வேண்டுமே.

மூன்றாவது, நேரம். வெறும் சிப்ஸ், பாப்கார்ன் எல்லாம் பரிமாறும்போது மட்டும். முறுக்குத் துண்டும் உப்புக் கடலையும் ஒரு மணி நேரம் முன்பே வைத்தாலும் தாங்கும். சாக்லேட் தோய்த்தவை அதைவிட நேரம் நிற்கும்.

உப்பு காரமல் ஊற்ற ஆசைப்படுபவர்கள் 100 கிராம் சர்க்கரையை அடிகனமான பாத்திரத்தில் தண்ணீரில்லாமல் பொன்னிறமாக உருக்கி, 40 கிராம் வெண்ணெய், சூடாக்கிய ஃபிரெஷ் கிரீம் 80 மில்லி, கால் டீஸ்பூன் உப்பு என்று வரிசையாகச் சேர்க்கலாம். கிரீமை ஊற்றியதும் பொங்கி எழும். நீளமான கரண்டியால் கிளறுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். நன்றாக ஆறிய பிறகே கேக்கின் மேல் கோடுகோடாக விடுங்கள். வெண்ணெய் முறுக்குக்கும் நேந்திரங்காய் சிப்ஸுக்கும் இது கூடுதல் ருசி.

எடுத்துப் போவதும் வைத்துச் சாப்பிடுவதும்

ஐசிங் போடாத கேக்கைக் காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வெளியிலேயே வைக்கலாம். ஐசிங் போட்டதை ஃபிரிட்ஜில் மூன்று நாள் வைத்து, சாப்பிடுவதற்கு முக்கால் மணி முன்பு வெளியே எடுங்கள். குளிரில் வெண்ணெய் இறுகியிருக்கும், உடனே சாப்பிட்டால் ருசியே தெரியாது. தின்பண்டம் வைத்த கப்கேக்கை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

அலசூரிலிருந்து வைட்ஃபீல்டில் ஒரு பிறந்தநாள் விருந்துக்குப் போகிறீர்கள் என்றால், ஐசிங் போட்ட கேக் ஒரு டப்பா, தின்பண்டம் தனி டப்பா. காரில் போனால் பெட்டியை மடியில் வைக்காமல் கால் வைக்கும் தரையில் சமமாக வையுங்கள், ஆட்டம் குறைவு. போய்ச் சேர்ந்ததும் பிள்ளைகளைக் கூப்பிட்டு அவரவர் கப்கேக்கில் அவரவரே முறுக்கையும் சிப்ஸையும் குத்திக்கொள்ளச் சொல்லுங்கள். வேலையும் குறையும், மொறுமொறுப்பும் நிற்கும். ஆனால் அதற்கு முன், யாருக்காவது வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதா என்று பெற்றோரிடம் கேட்டுவிடுங்கள். நான்கு வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு முழுக் கடலையும் பாப்கார்னும் தொண்டையில் அடைக்கக்கூடும். அவர்களுடைய கப்கேக்கில் கடலை மிட்டாயை நன்றாகத் தூளாக்கித் தூவிக் கொடுங்கள்.